மூன்றாம் ஓலை

எபனேசருக்கு வாய் கொஞ்சம் நீளம். கெட்ட எண்ணத்தால் வந்த நீளமில்லை. பக்கத்தில் ஒரு ஆள் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தால் தானாக நீளும். தேனி கடைவீதியில் அவர்கள் குடும்பத்து எலக்ட்ரிக்கல் கடைக்கு வருகிற எவரையும் அவன் சும்மா அனுப்பியதில்லை. பல்பு வாங்க வந்தவர் பல்போடு ஒரு கிண்டலையும் வாங்கிக்கொண்டுதான் போவார். "அவன் கெடக்கான், விடுங்கண்ணே" என்று சமாதானம் சொல்லி, பல்பை எரியவிட்டுக் காட்டி அனுப்புகிறவள் அவன் அக்கா ஜெனிபர். அப்பா போன பிறகு கடையைத் தூக்கி நிறுத்தியது அவள்தான் என்பது கடைவீதிக்கே தெரியும். எபனேசருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் தினமும் யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஜெனிபருக்கு முப்பத்தைந்தாகியும் கல்யாணம் அமையவில்லை. வலது கையில் முழங்கை வரை வெண்புள்ளி. பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்து பெண் பார்த்துப் போனவர்கள் எல்லாரும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில், இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், கூடலூரிலிருந்து கிறிஸ்துதாஸ் வந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, குமுளி ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏலக்காயும் மிளகும் விற்கிற சின்னக் கடை. ஜெனிபர் அன்றைக்குக் கையை முந்தானைக்குள் மறைக்கவில்லை. அந்தக் கையாலேயே காபியை நீட்டினாள். அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சீனி கொஞ்சம் தூக்கலா இருக்கு. எனக்கு அப்பிடித்தான் பிடிக்கும்" என்றார். பெண் பார்க்கும் படலம் அத்தோடு முடிந்தது.

அப்பா இல்லாத வீடு. கல்யாணத்தன்று பெண்ணின் கையைப் பிடித்து, ஆலய வாசலிலிருந்து பீடம் வரை கூட்டிப் போக வேண்டியவன் தம்பி. அதற்காக எபனேசருக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தார்கள். துணியை எடுத்ததே ஜெனிபர்தான். "இதப் போட்டா நீ பேண்டு வாசிக்கிறவன் மாதிரி இருப்ப. பரவால்ல, என் பக்கத்துலயே வா" என்றாள். அவனை நம்பி யாரும் பெரிதாக ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. இதை அவள் கொடுத்தாள். கண்ணாடி முன்னால் யாருமில்லாதபோது முழங்கையை மடக்கி வைத்து மெதுவாக நடந்து பார்த்துக்கொண்டான். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

இனி அந்தப் பெட்டியின் கதை. கடைவீதிக்குப் பின்னால் இருந்த அவர்கள் சபையின் ஒலிபெருக்கிப் பெட்டியில் முன்பு வரிசையாகக் குமிழ்கள் இருந்தன. குமிழ் இருந்தால் திருகாமல் இருக்க யாரால் முடியும்? பாடகர் குழுவின் சொர்ணலதா வருகிற போக்கில் தன் மைக்கைக் கூட்டிவிட்டுப் போவாள். அடுத்து வருகிறவர் குறைப்பார். ஜெபம் நடக்கும்போது பெட்டி ஊளையிடும். எபனேசர் சபைக் கமிட்டியில் எழுந்து நின்று, குமிழே இல்லாத பெட்டி செய்து தருவதாகச் சொன்னான். சொன்னபடி செய்தும் காட்டினான். அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

குமிழைத் திருகும்போது உள்ளே ஒரு முள் கார்பன் பட்டைமேல் நகரும். சத்தம் கூடுவதும் குறைவதும் அந்த முள் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. குமிழுக்குப் பதிலாக எபனேசர் வைத்த ஐசி என்கிற சின்னச் சில்லில் நகரும் முள் கிடையாது. ஒவ்வொரு மைக்குக்கும் பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை படிகள் மட்டும் உண்டு. எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று லேப்டாப்பிலிருந்து சீரியல் வயர் வழியாகக் கட்டளை அனுப்ப வேண்டும். கட்டளை இரண்டு பைட். முதலாவது எந்த ரெஜிஸ்டருக்கு என்று சொல்லும், இரண்டாவது எந்தப் படி என்று சொல்லும்.

ரெஜிஸ்டர் என்பது ஐசி தனக்குள் ஒரு எண்ணை வைத்துக்கொள்கிற இடம். அதில் இரண்டு ரகம். ஒன்று, இந்த நிமிஷம் நிற்கிற படி. கரண்ட் போனால் அது மறந்துபோகும். இன்னொன்று, கரண்ட் போனாலும் அழியாதது. மறுபடி கரண்ட் வந்ததும் ஐசி முதலில் பார்ப்பது அதைத்தான். அதில் என்ன எண் இருக்கிறதோ அந்தப் படியில் போய் நின்றுகொள்ளும். செய்து அனுப்பிய கம்பெனி அதில் நடுப்படியை எழுதி வைத்திருந்தது. நமக்கு வேறு எண் வேண்டுமென்றால் தனியாக ஒரு கட்டளை அனுப்பி மாற்றி எழுத வேண்டும்.

எபனேசர் மாற்றி எழுதவில்லை. தெரியாமல் இல்லை, படித்திருந்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கடை மாடியில் யூபிஎஸ்ஸில் வைத்தே எல்லாச் சோதனையும் செய்தவனுக்கு, கரண்ட் போகும் என்ற நினைப்பே வரவில்லை. இத்தனைக்கும் அந்த வருஷம் கரண்ட் கட்டைத் தவிர ஊரில் வேறு பேச்சே கிடையாது! ஐசியிடம் 'இப்போது எந்தப் படியில் நிற்கிறாய்' என்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. அதையும் அவன் எழுதவில்லை. லேப்டாப் திரை, தான் கடைசியாக அனுப்பிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கேட்காமலே எல்லாம் தெரியும் என்கிற புத்தி அவனுக்கும் இருந்தது, அவன் எழுதிய புரோகிராமுக்கும் வந்துவிட்டது.

பெட்டியையும் லேப்டாப்பையும் பீடத்துக்கு இடதுபுறம் ஒரு சின்ன அறையில் வைத்தான். ஞாயிறு பள்ளி பெஞ்சுகளை அடுக்கி வைக்கிற அறை அது. ஆலயத்தைப் பார்த்த பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டான். மேசைமேல் அறிவிப்புக்கென்று ஒரு மைக். யாருடைய வண்டியாவது வழியை மறித்து நின்றால் அதில் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் அது பூஜ்யத்தில் கிடக்கும்.

அந்தச் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று போதகர் சபை நடுவில் கேட்பார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அந்த மௌனத்தில் யாராவது இருமினால்கூடப் பெண் வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று என்றால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அன்றைக்குப் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு.

ஜெனிபரின் மூன்றாம் ஓலைக்குக் கிறிஸ்துதாஸ் கூடலூரிலிருந்து காலையிலேயே வந்து, ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஜெனிபரும் அம்மா ஞானசெல்வியும். கண்ணாடி அறையில் எபனேசரும் அவன் சிநேகிதன் காமராஜும். காமராஜ் பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் மகன். மைக் ஸ்டாண்டுகளை எடுத்து வைக்க வருவான். எதைச் சொன்னாலும் சிரிப்பான். எபனேசருக்கு அதுவே போதும்.

பிரசங்கம் முடிகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. சங்கிலி என்ற காவல்காரர் ஓடிப் போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். அது கண்ணாடி அறையின் ஜன்னலுக்கு நேர் பின்னால் நின்று தடதடவென்று ஓட ஆரம்பித்தது. ஒலிபெருக்கிக்கு உயிர் வந்தது. போதகரின் மைக் எப்போதும் கிட்டத்தட்ட நடுப்படியில் நிற்பதுதான், அதனால் அதில் ஒரு வித்தியாசமும் யாருக்கும் தெரியவில்லை. அறிவிப்பு மைக்கும் நடுப்படிக்கு வந்து நின்றது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் அதன் திரையில் மட்டும் பூஜ்யம் அப்படியே இருந்தது. எபனேசர் திரையைப் பார்த்தான். திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

போதகர் ஓலையை எடுத்தார். கூடலூர் கிறிஸ்துதாசுக்கும் இந்தச் சபை ஜெனிபருக்கும் இது மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பு என்றார். தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சபையைப் பார்த்தார்.

கண்ணாடி அறைக்குள் ஜெனரேட்டர் சத்தத்தில் அவரவர் பேசுவதே அவரவருக்குக் கேட்கவில்லை. காமராஜ் கத்தித்தான் கேட்டான்.

"மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரமாம்லடா?"

எபனேசரும் கத்தித்தான் சொன்னான். "பின்ன, மொதத்தாரம் கட்ட வரிசையிலயா நிக்கிறாக? ஏலே, எங்க அக்காவ எவன் தலையில கட்டுறதுன்னு வருசக்கணக்காத் தேடிக்கிட்டு இருந்தோம். நல்லவேள, ஒரு இளிச்சவாயன் மாட்டுனான். இந்த ஓலை முடியட்டும், அப்புறம் அவன் நெனச்சாலும் ஓட முடியாது!"

காமராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எபனேசரும் சிரித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் சொர்ணலதா திரும்பினாள், வாயில் கை வைத்தபடி. அப்புறம் ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் திரும்பின. எதற்கு எல்லாரும் இங்கே பார்க்கிறார்கள் என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்ததும், ஆலயத்தின் கடைசித் தூணிலிருந்த ஸ்பீக்கரில் காமராஜின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. எபனேசரின் கை தானாகக் கீபோர்டுக்குப் போய்ப் பூஜ்யத்தை அனுப்பியது. திரையில் பூஜ்யம் இருந்த இடத்தில் மறுபடி பூஜ்யமே வந்தது. இந்தத் தடவை மைக் நிஜமாகவே அடங்கியது.

போதகருக்கு அறுபது வயதுக்கு மேல். எத்தனையோ ஓலை வாசித்தவர். தடை கேட்டு இதுவரை ஒரு குரலும் வந்ததில்லை. வந்துவிட்டதே, என்ன செய்வது? அதைக் கேட்காத மாதிரி அடுத்த பாட்டுக்குப் போக அவரால் முடியவில்லை.

"எபனேசர், வெளிய வா" என்றார். அவன் வந்து கதவருகே நின்றான். "நீ சொன்னது தடையா, இல்லையா? சபைக்குச் சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆண்கள் பக்கம் கிறிஸ்துதாஸ் எழுந்து நின்றார்.

"ஐயா, அந்த இளிச்சவாயன் நான்தான்" என்றார். "எனக்கு இதுல ஒரு கொழப்பமும் இல்ல. ஓலைய முடிங்க."

சபை கொல்லென்று சிரித்தது. நல்ல சிரிப்பு அது, அந்த மனுஷனைத் தூக்கி வைத்துக்கொண்ட சிரிப்பு. போதகர்கூடச் சிரித்துவிட்டார். கல்யாணம் பிழைத்தது. எபனேசருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு அவன் அக்காவைப் பார்த்தான். ஜெனிபர் திரும்பவேயில்லை. பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள், மடியில் கிடந்த வலது கையை முந்தானையால் மெல்ல மூடிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர் முன்னால் மூடாத கையை, தம்பி பேசியதைக் கேட்டு மூடிக்கொண்டாள். அதைப் பார்த்தபோது எபனேசருக்குக் காதிலிருந்து கழுத்து வரை தீப்பிடித்த மாதிரி இருந்தது.

"தடை இல்லைங்கய்யா" என்றான். மைக் இல்லாமலே சபை முழுக்கக் கேட்டது.

மத்தியானச் சாப்பாட்டில் அவன் கிறிஸ்துதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், அது என்ன ஆச்சுன்னா, அந்த ஐசி இருக்கு பாருங்க, கரண்ட் வந்ததும் தானா நடுவுல..." என்று ஆரம்பித்தான். "சரி விடுங்க மச்சான், கறி ஆறுது" என்றார் அவர். கோபம் ஒரு துளியும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ரெண்டு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருப்பான். ஜெனிபர் பரிமாறினாள். அவன் இலைக்கு வந்ததும், "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டாள். அவள் ஒருநாளும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. 'தின்னுத் தொலை' என்று கொட்டிவிட்டுப் போகிறவள். விருந்தாளியிடம் கேட்பதுபோல அன்றைக்குக் கேட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க அவன் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னான். யூபிஎஸ், பேட்டரி, அழிகிற ரெஜிஸ்டர், அழியாத ரெஜிஸ்டர் என்று கடைவீதியில் பாதிப் பேருக்குப் பாடம் நடந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு, "ஆமா, கூடலூர் இளிச்சவாயன் எப்ப வர்றாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சிரிக்க வைத்தே பிழைத்தவனைப் பார்த்து ஊர் சிரித்தது. அம்மா ஞானசெல்வி அவனிடம் சரியாகப் பேசவில்லை. ஜெனிபர் பேசினாள், கடைக்காரியம் மட்டும். ஃபியூஸ் எங்கே, டேப் எங்கே, பெரியகுளத்துக்கு மோட்டார் போயிற்றா. கோட்டு தைத்து வந்தது. அது அவன் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிக்கொண்டு அவனைப் பார்த்தது.

கடையில் ஆள் இல்லாத ஒரு பகலில் அவன் துணிந்து வாயைத் திறந்தான்.

"அக்கா, அன்னைக்கி நடந்துச்சே... அந்த ஐசி..."

"சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் ஜெனிபர். "ஊருக்கெல்லாம் சொல்லிட்ட. எனக்குத்தான் இன்னும் சொல்லல."

அவன் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியில் பேனாவால் கட்டம் போட்டு விளக்கினான். அவள் நன்றாகக் கேட்டாள். "அப்ப திரையில காட்டுனது பொய்யா?" என்று கேட்டாள். "பொய் இல்லக்கா, பழசு" என்றான். "எழுதுனத நிரந்தரமா வைக்க வேற கட்டளையா?" என்று கேட்டாள். சரியான கேள்விகள். சொல்லச் சொல்ல அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எதற்காகச் சொல்ல வந்தோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டான், வெட்கங்கெட்டவன்.

"இப்பச் சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்க்கா. அழியாத ரெஜிஸ்டர்லயும் பூஜ்யத்த எழுதிட்டேன். மெயின அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன். எங்கன நிக்கிதுன்னு ஐசியவே கேட்டுத்தான் இப்ப திரையில காட்டுது. இனிமே கரண்ட் போய் வந்தாலும் அங்கன பேசுறது ஒரு பொட்டு வெளிய வராது."

"மொதல்லயே இப்பிடிப் பண்ணிருந்தா, நீ பேசுனது எனக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காது. இல்ல?"

அவன் பேனாவை மூடினான்.

"உன் கையப் பிடிச்சிக்கிட்டு நடந்துருப்பேன்" என்றாள். "நான் போறேன்னு எந் தம்பிக்கு எவ்வளவு வருத்தமோன்னு நெனச்சு அழுதுருப்பேன் வேற."

"எனக்கு வருத்தந்தான்க்கா. சத்தியமா. காமராஜ் சிரிக்கணும்னு சொல்லிட்டேன்."

"இருக்கலாம்." அட்டை மூடியை அவள் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ சொன்னதுல பெருசா பொய்யும் இல்ல. தேடுனீக, கெடைக்கல. எனக்குத் தெரியாததா? ஆனா அத எல்லாரும் சொல்லுவாக, நீ சொல்லமாட்டேன்னு நெனச்சிருந்தேன்." மூடியைக் கீழே வைத்துவிட்டு, "கலியாணத்தன்னைக்கி நீ மைக்கப் பாத்துக்க. வேற யாருக்கும் அந்தப் பெட்டி தெரியாது. அம்மா என்னையக் கூட்டிட்டு வரட்டும்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சிப் பார்த்திருப்பான். கடையில் நீ இந்தப் பக்கம் பார், நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று வேலை பிரிப்பதுபோல அவள் சொன்னாள். வாசலில் ஒரு ஆள் வந்து சீலிங் பேன் கேட்டார். அவள் எழுந்து போய்விட்டாள்.

கல்யாணத்தன்று அவன் கோட்டைப் போட்டுக்கொண்டே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தான். உள்ளே புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை. காமராஜை வெளியே உட்காரச் சொல்லிவிட்டான். ஆலயத்து வாசலில் ஜெனிபர் வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். அவளுக்குத் தோளளவுகூட இல்லாத ஞானசெல்வி, மகளின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். இருவரும் கண்ணாடி அறையைத் தாண்டியபோது ஜெனிபர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்று பார்க்காமல் இருந்த மாதிரியும் தெரியவில்லை. கிறிஸ்துதாஸ் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்குக் கொடுப்பவர் யார்?" என்று போதகர் கேட்டார்.

ஞானசெல்வி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. போதகர் தன் மைக்கை அவள் பக்கம் குனிந்து பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். எபனேசர் படியைக் கூட்டினான், இன்னும் கூட்டினான். ஊளையிடத் தொடங்குவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொண்டான்.

"நாந்தான் குடுக்குறேன்" என்று அம்மாவின் சின்னக் குரல் எல்லாத் தூணிலிருந்தும் வந்தது.

அவன் முன்னால் அறிவிப்பு மைக் இருந்தது. திரையில் அதன் எண் பூஜ்யம். ஐசியைக் கேட்டு வாங்கிய பூஜ்யம். ஒரு கட்டளை அனுப்பினால் திறந்துவிடும். அவன் கை கீபோர்டுக்குப் போகவில்லை. மைக்கின் பக்கம் குனிந்து, "நானுந்தான்க்கா" என்றான். குரல் உடைந்துபோய், கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

ஆலயத்தில் ஒரு தலையும் திரும்பவில்லை.